தேரியைக் கட்டியது காற்று
தமிழகக் கடலோர நிலம் முழுவதும் ஆறும் கடலும் சேர்ந்து உருவாக்கியது என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்கிறது. அது காவிரி டெல்டாவுக்குச் சரி, எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டு நிலத்துக்கு, பொருந்தாது. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் காற்று குவித்தவை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வறண்டு வந்து, மலையடிவாரச் செம்மண்ணை வாரிக்கொண்டு கிழக்கே ஓடும். ஆடி மாதம் அங்கே நடந்து பாருங்கள், கணுக்காலில் மணல் ஊசி மாதிரி குத்தும். காலையில் பதித்த தடம் சாயங்காலம் இருக்காது. ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் உள்ளங்கை சிவக்கும். மணல்மணி ஒவ்வொன்றும் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம்தான், மேலே படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். மேலே கருத்துச் சொன்ன ஒரு நண்பர் இந்தத் தேரியைப் பாலைவனம் என்று எழுதியிருக்கிறார், அதையும் ஏற்க முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை மணல் அப்படியே குடித்துவிடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையாக ஊறுவது அந்தத் தண்ணீர்தான். அப்புறம், பனையும் உடைமரமும் வேர்பிடித்த இடங்களில் மேடு நகர்வது அடங்கியிருக்கிறது. அந்த மரங்களை வெட்டி, மணலையும் லாரியில் அள்ளினால் காற்று தன் வேலையை மறுபடி ஆரம்பித்துவிடும்.