இல்லாத ஸ்டூடியோவைக் கடந்து இடப்பக்கம்

போன கிழமை மட்டக்களப்பு மத்திய வீதியில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழி கேட்டான். "நேராப் போய், பழைய ஸ்டூடியோ கழிய இடப்பக்கம் திரும்புங்க தம்பி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். மறுகாதான் எனக்கே உறைத்தது. அந்த ஸ்டூடியோ மூடி முப்பது வருசம் இருக்கும். அந்த இடத்தில் கொஞ்சக் காலம் காசு கொடுத்துப் போன் பேசும் கொமினிகேசன் ஒன்று இருந்தது, இப்போது போன் கடை. நான் வழி சொன்ன காலத்தில் அந்தப் பொடியன் பிறந்திருக்கவே மாட்டான்.

இரண்டு நாள் கழித்து முகநூலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றியது. எங்கள் நகரத்தின் நடுவான புளியந்தீவுக் கடைத்தெரு. மேலே "எங்கட ஆக்கள்ர கடைத்தெரு" என்று எழுதியிருந்தார்கள். கீழே வழக்கம்போலச் சண்டை. யாழ்ப்பாணத்தார் வந்துதான் கடை போட்டார்கள் என்று ஒருவர், பக்கத்து முஸ்லிம் ஊர்க் காத்தான்குடியார் இல்லாமல் துணி ஏது என்று இன்னொருவர். மட்டக்களப்பானுக்கு வயலும் வாவியும் போதும், வியாபாரம் வராது என்று மூன்றாமவர். அந்த மூன்றாமவர் வெளிநாட்டில் சொந்தமாகக் கடை நடத்துகிறார். அது வேறு கதை.

எனக்கு எரிச்சல் வந்தது அந்த "எங்கட" என்ற சொல்லில்தான்.

நகரத்தின் வரலாறு என்று கேட்டால் நாங்கள் எல்லாரும் கல்லைத்தான் காட்டுவோம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. நாங்கள் நீண்ட காலம் கச்சேரி என்று, அரசாங்க அலுவலுக்கு ஏறி இறங்கியதும் அதற்குள்தான். காந்திப் பூங்காப் பக்கத்து வாவிக்கரையில் மட்டக்களப்பு வாயில். 1814 இல் வந்திறங்கிய மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட், அதே ஆண்டில் தொடங்கிய மத்திய கல்லூரி, 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி. எல்லாம் சரி. இவற்றுக்கு நூற்றாண்டு மலர் இருக்கிறது, பலகை இருக்கிறது. ஓல்ட் இங்கே வந்து ஒரு வருசம் ஆகுமுன்னே இறந்துபோனவர், அவருக்குச் சிலையும் இருக்கிறது. இருக்கட்டும், நல்லது. ஆனால் ஐம்பது வருசம் ஒரே திண்ணையில் இருந்து இந்த ஊரின் சப்பாத்துகளைத் தைத்த மனிசருக்கு ஒரு வரிகூட இல்லையே?

சப்பாத்து என்று சொன்னேன். அது போர்த்துக்கேயச் சொல். அலுமாரி, மேசை, கதிரை, சாவி, துவாய், காலையில் வாங்கும் பாண், எல்லாம் அவர்கள் கப்பலில் வந்தவை. மேசையின் லாச்சியும் அப்பா வேலை பார்த்த கந்தோரும் ஒல்லாந்தர் கொடுத்தவை. "எங்கட" கடைத்தெருவிலிருந்து இவற்றைக் கழித்தால் நிலத்தில் குந்தியிருந்துதான் வியாபாரம் பார்க்கவேணும்.

சொல் மட்டும் வரவில்லை, தொழிலும் கூடவே வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் ஊர்ப் பறங்கியரில் பலர் தலைமுறை தலைமுறையாக ஓடாவிகள் என்ற மரவேலைக்காரர்கள், கொல்லர்கள், தையல்காரர்கள், சப்பாத்துத் தைப்பவர்கள். வெளியே எங்களைப் போலவே தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் பழைய போர்த்துக்கேயம். இன்றும் அதைப் பேசும் சில குடும்பங்கள் மட்டக்களப்பில் இருக்கின்றன. எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரை அப்படியொரு ஓடாவியின் கைவேலை. ஒரு ஆணி கிடையாது, முழுக்கப் பொருத்துத்தான். அவர் பேரன்மார் அவுஸ்திரேலியாவில். டச்சுபாரில் கடற்கரையோரம் இருந்த பறங்கிக் குடும்பங்கள் பலவற்றை 2004 சுனாமி கொண்டுபோனது. சில தொழில்களுக்கு அதோடு ஆளில்லை.

துணிக்கடைக் கதை வேறு. 1924 இல் கல்லடிப் பாலம் திறக்கும்வரை காத்தான்குடியிலிருந்து வாறவர்கள் துறையில் தோணி ஏறித்தான் நகரத்துக்கு வரவேணும். பாலம் வந்தபின் வண்டி வந்தது, மறுகா பஸ் வந்தது. ஆள்பதி மனைவி மானிங் சீமாட்டியின் பெயரை வைத்த பாலம் என்று வரலாறு சொல்லும், எனக்கு அது சீத்தைத் துணி வந்த பாலம்.

அந்தக் கடைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தரம் உயிர் வரும். ஒன்று ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம். மற்றது வெள்ளாமை வெட்டி சூடடித்த பிறகு. வாவிக்கு மேற்கே வயல் ஊர்களான படுவான்கரைச் சனம் மடியில் காசோடு இறங்கும். அதுவரை கொப்பியில் எழுதி வைத்த கடன் எல்லாம் அப்போதுதான் தீரும். எங்கள் பெரியப்பாவின் கணக்கு ஒரு முஸ்லிம் முதலாளியின் கொப்பியில் பதினைந்து வருசம் ஓடியது. ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்பார். மழை பிழைத்த வருசத்தில் கணக்கு அடுத்த பக்கத்துக்குத் தாண்டும், அவ்வளவுதான்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் எங்கள் சனத்தைக் கொன்றார்கள். அதன்பிறகு யார் எந்தக் கடைக்குப் போகலாம் என்பதற்கே ஒரு கணக்கு வந்தது. பெரியப்பாவின் கொப்பி அந்த வருசத்தோடு நின்றது. மிச்சக் கடனை 1990களின் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி வாங்கவில்லை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

பாண் கடை வைத்திருந்த சிங்களவரைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டதுதான். விடியற்காலையில் கூடையோடு வருவாராம், அச்சுப் பாணின் ஓரத்தை எனக்கென்று பிய்த்துத் தருவாராம். 1983 க்குப் பிறகு வரவில்லை. அவர் பெயர்கூட அம்மாவுக்கு ஞாபகமில்லை, "பாண் மாமா" மட்டும்தான்.

ஆகவே அந்தப் படத்துக்குக் கீழே சண்டை பிடித்தவர்களுக்கு நான் சொல்வது: யார் முதலில் கடை போட்டது என்பது பெரிய கேள்வியே இல்லை. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கேளுங்கள், இந்த வீதியின் சரித்திரம் தானாக வரும். பழைய பில்லும் கடன் கொப்பியும் உங்கள் அலுமாரியில் கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். மத்திய வீதியைத் தேடிப்பார்த்தால் இன்று இணையத்தில் முதலில் வருவது 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயக் குண்டு. அதை மறைக்கச் சொல்லவில்லை, மறக்கவும் முடியாது. அந்த ஒரு காலை மட்டும்தான் இந்த வீதியா என்பதுதான் என் கேள்வி.

சரி, ஸ்டூடியோவுக்கு வருகிறேன். அம்மா அப்பாவின் கல்யாணப் படம் எடுத்தது அங்கேதான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய், நெகட்டிவ் எல்லாம் நனைந்து ஒட்டிவிட்டதாம். எங்கள் வீட்டுப் பிரதியும் அதே இரவில் போனது.

நேற்று அந்தப் போன் கடைக்குள் போனேன். சார்ஜர் வாங்கும் சாட்டில், பின்னுக்கு ஒரு இருட்டறை இருந்ததே என்று விசாரித்தேன்.

"இருக்கு அங்கிள். பெட்டி அடுக்கியிருக்கம்."

எட்டிப் பார்த்தேன். போன் பெட்டிகளுக்கு மேலே, தூசி பிடித்த வயரில் சிவப்பு பல்பு ஒன்று இன்னும் தொங்குகிறது. எரியுமா என்று கேட்டேன்.

"போட்டுப் பார்க்கல்ல அங்கிள்" என்றான்.