ஸ்டிக்கரில் இல்லாத மைலேஜ்

ஹூஸ்டனில் இருக்கிற தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். ஹெவி டியூட்டி டீசல் பிக்கப் வாங்கப் போகிறானாம். "அண்ணா, உங்க வண்டி எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டான். ஒரே எண்ணாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாமக்கல்லில் என் மாமா லாரி ஓட்டியவர். யாராவது இப்படிக் கேட்டால், "லோடுலயா, எம்ட்டியா? சமரோடா, மேடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் மைலேஜ் பற்றி அதைவிடச் சரியான பேச்சை நான் கேட்டதில்லை. தம்பியிடம் போனில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். வாங்குகிற யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

நான் இருப்பது சான் அன்டோனியோவுக்கு வடக்கே. கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், லீவுக்குப் பிள்ளைகளோடு போய்த் தங்க, வீடு மாதிரி ஒரு டிராவல் டிரெய்லர். இவற்றை இழுக்கத்தான் 2021இல் ராம் 2500 வாங்கினேன். 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ். அன்றைக்கு டீலரிடம் நின்று கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். விலை இருந்தது, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனித்தனி டாலர் கணக்கு இருந்தது. சின்ன கார்களில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்களே, சிட்டிக்கு இத்தனை, ஹைவேக்கு இத்தனை என்று, அந்தக் கட்டம் மட்டும் இல்லை. விற்பனை ஆளைக் கேட்டேன். "கேலனுக்குப் பதினெட்டு, இருபது மைல் வரும்" என்றார். எந்த வேகத்தில், என்ன சுமையோடு என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. வண்டியின் எடையும் அது ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்த உச்ச எடை 8,500 பவுண்டை, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டினால், அந்த பிக்கப்புக்கு மைலேஜ் லேபிள் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபோர்டு எஃப்-250, செவி சில்வராடோ 2500, ராம் 2500, அதற்கு மேலே உள்ள 350, 3500 எல்லாமே இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். இதே எடையில் உள்ள பெரிய எஸ்யூவிகளை 2011 மாடலிலிருந்து லேபிளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிக்கப் மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது.

சரி, அளக்கவே முடியாத வண்டியா என்றால் அதுவும் இல்லை. 2011இல் அமெரிக்க அரசு கனரக வண்டிகளுக்கு முதல்முறையாக எரிபொருள் விதி போட்டது. 2014 மாடலிலிருந்து நடைமுறைக்கு வந்த அந்த விதியில் இந்த பிக்கப்புகளுக்கும் இலக்கு உண்டு. எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும் என்பதைச் சேர்த்து ஒரு சூத்திரம் வைத்து, 100 மைலுக்கு இத்தனை கேலன் என்று கணக்கு. சோதனையில் வண்டியை வெறுமனே ஓட்டிப் பார்ப்பதுமில்லை, ஏற்றக்கூடிய சுமையில் பாதியைச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ஆக, அளவெடுத்திருக்கிறார்கள். அந்த எண் கம்பெனிக்குத் தெரியும், அரசுக்குத் தெரியும். எழுபது, எண்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறவனுக்கு மட்டும் கடையில் காட்டுவதில்லை. எனக்குக் கோபமே இதில்தான்.

வண்டி எடுத்த மறுநாளே க்ளவ் பாக்ஸில் ஒரு நோட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் தேதி, ஓடோமீட்டர், கேலன், என்ன இழுத்தேன், காற்று எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருக்கிறது. டேஷில் காட்டுகிற எண்ணை நம்பி எழுதுவதில்லை. என் வண்டியில் அது எப்போதும் கைக்கணக்கைவிட ஒன்று, ஒன்றரை கூட்டித்தான் காட்டுகிறது. டயரைப் பெரிதாக மாற்றியவர்களுக்கு இன்னொரு குழப்பம்: ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைத்துக் காட்டும், அதைத் திருத்தாமல் போட்ட கணக்கு செல்லாது.

நிரப்புவதிலேயே ஒரு பக்குவம் வேண்டும். டீசல் நுரைக்கும். பச்சைப் பிடி நாஸிலை முழுசாக அழுத்தினால், டேங்க் நிறையும் முன்பே நுரை மேலே வந்து டக்கென்று நின்றுவிடும். ரசீதைக் கிழித்துக்கொண்டு கிளம்பினால் ஒரு கேலன் வரை குறைவாகவே போயிருக்கும், அந்த டேங்குக்கு மைலேஜ் அமோகமாக வரும், அடுத்ததில் விழுந்துவிடும். நான் கடைசியில் மெதுவாக விட்டு, நுரை அடங்க ஒரு நிமிஷம் நின்று, மறுபடி விடுவேன். காது கொடுத்தால் குழாய்க்குள் சத்தம் மெல்லியதாகி மேலேறுவது கேட்கும். அப்போது நிறுத்துவேன். முடிந்தவரை அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்து. அப்படியும் ஒரு டேங்கை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன், மூன்று நான்கைச் சேர்த்துத்தான் சராசரி.

நோட்டு சொல்வது இது. சுமையில்லாமல், சமரோட்டில், மணிக்கு 65 மைல் போனால் கேலனுக்கு 19. நம் கணக்கில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். அதே வண்டி, அதே ரோடு, 80 போனால் 15. கெர்வில் ஊரைத் தாண்டி மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில் 80 சட்டப்படியே போகலாம், எல்லோரும் போகிறார்கள். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 65இலிருந்து 80 என்றால் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு. போன மார்ச்சில் ஃபோர்ட் ஸ்டாக்டன் போனபோது எதிர்க்காற்று. போகும்போது 13.6, அதே வேகத்தில் திரும்பும்போது 17.8. இரண்டில் எதை வண்டியின் மைலேஜ் என்று சொல்வது?

என்னை உண்மையில் ஆச்சரியப்படுத்தியது டிரெய்லர் கணக்கு. தாழ்வான ஃபிளாட்பெட் டிரெய்லரில் டிராக்டரை ஏற்றினால் மொத்தம் 10,000 பவுண்டு. 65இல் 12 கொடுக்கிறது. டிராவல் டிரெய்லர் 7,000 பவுண்டுதான், அதற்கு 10 தாண்டுவதில்லை. எடை குறைவு, ஆனால் பதினோரு அடி உயரத்தில் நேர்ச்சுவர் மாதிரி காற்றில் நிற்கிறது. சமரோட்டில் வண்டி இழுப்பது எடையை அல்ல, அந்தச் சுவரைத்தான். எடை தன் வேலையைக் காட்டுவது மேட்டில். கெர்வில்லுக்கும் ஜங்ஷன் என்கிற ஊருக்கும் நடுவே உள்ள ஏற்றங்களில் டிராக்டரோடு ஏறும்போது ஊசி இறங்குவது கண்ணுக்கே தெரியும். எவ்வளவு எடை இழுத்தேன் என்று மட்டும் சொல்லி மைலேஜ் போடுகிறவர்கள் டிரெய்லர் எத்தனை அடி உயரம் என்பதையும் போட வேண்டும்.

இன்னொரு பக்கம், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிற நாலு மைல் ஓட்டம். மூன்றரை டன் இரும்பை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி நகர்த்த வேண்டும், இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். ஜனவரியில் 11 வரை இறங்கியிருக்கிறது. அதோடு டிபிஎஃப். 2007இலிருந்து இந்த வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. நிறைந்ததும் கூடுதல் டீசலைச் செலவழித்து, கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், ரீஜென் என்பார்கள். நீள ஓட்டத்தில் வெப்பம் தானாகவே கிடைக்கும். குட்டி ஓட்டத்தில் அடிக்கடி நிறையும், எரிப்பதும் பாதியில் நிற்கும். காலை நேரத்தில் ஹீட்டருக்காக ஓடவிட்டு நிறுத்திவைப்பது இதை இன்னும் கெடுக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் "டெலீட் பண்ணிடுங்க, ரெண்டு மூணு கூடும்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். வடிகட்டியைக் கழற்றி, புகையில் உள்ள நைட்ரஜன் மாசைக் குறைக்கும் யூரியா கரைசல் அமைப்பை நிறுத்தி, கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள். அதனால் கூடுதலாக வெளியேறும் மாசு, ஒழுங்கான 90 லட்சம் டீசல் பிக்கப்புகளைப் புதிதாக ரோட்டில் விட்டதற்குச் சமம். என் மகன் படிக்கிற ஸ்கூல் வாசலில் அப்படி ஒரு வண்டி தினமும் நிற்கிறது. கிளம்பும்போது வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். இரண்டு மைலுக்காக இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். இந்த வண்டிகளில் டீசல் இன்ஜினுக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். கணக்குக்காக பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.70, வருஷத்துக்கு 15,000 மைல் என்று வைப்போம். காலி ஓட்டத்தில் பெட்ரோல் வண்டி 13, டீசல் 17 கொடுத்தால், வருஷத்துக்கு மிச்சம் சுமார் 200 டாலர். ஐம்பது வருஷம் ஓட்டினால்தான் போட்டது திரும்பும். முழுநேரமும் டிரெய்லரோடு ஓட்டுகிறவருக்கு 8, 11.5 என்று வைத்தால் மிச்சம் 800. பன்னிரண்டு, பதிமூன்று வருஷம். இதில் யூரியா கரைசல், எரிபொருள் ஃபில்டர், பெரிய ஆயில் சர்வீஸ் எதையும் சேர்க்கவில்லை. மலையில் மூச்சுத் திணறாமல் ஏறும், இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்து நிறுத்தும், அந்த நிம்மதிக்காக டீசல் வாங்குங்கள். நான் அதற்காகத்தான் வாங்கினேன், வருத்தமில்லை. மைலேஜுக்காக என்று யாராவது சொன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேலனுக்கு இத்தனை மைல் என்று பேசுவதே இந்த வண்டிகளில் கண்ணை மறைக்கிறது. 19ஐ 22 ஆக்கினால் பெரிய சாதனை மாதிரி இருக்கும், 100 மைலுக்கு மிச்சமாவது முக்கால் கேலன்கூட இல்லை. டிரெய்லரோடு 10 கொடுப்பதை, வேகத்தைக் குறைத்து 12 ஆக்கினால் ஒன்றே முக்கால் கேலனுக்குக் கிட்டத்தட்ட மிச்சம். விதி எழுதியவர்கள் 100 மைலுக்கு இத்தனை கேலன் என்றே எழுதியிருக்கிறார்கள். அதையே ஸ்டிக்கரிலும் போட வேண்டும். வேலை வண்டிக்கு ஒரே எண் பொருந்தாது என்று கம்பெனிகள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். அப்படியானால் இரண்டு எண் போடட்டும், காலியாக ஒன்று, குறிப்பிட்ட எடையும் உயரமும் உள்ள டிரெய்லரோடு ஒன்று. என் மாமா கேட்ட கேள்வியும் அதுதானே.

தம்பியின் தேவையைக் கேட்டேன். தினமும் ஆபீசுக்கு நாற்பது மைல், வருஷத்துக்கு நாலு தடவை கேம்ப்பிங். பெட்ரோல் வண்டியே போதும் என்றேன், அவனுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனுடைய டிரெய்லரோடு வருகிறான். என் வண்டியில் மாட்டி ஜங்ஷன் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. முதலிலும் கடைசியிலும் அவனே தன் கையால் நிரப்பட்டும், நுரை அடங்கும்வரை நிற்கட்டும். நோட்டில் அந்தப் பக்கத்தை அவனுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.