முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம்

அம்மாவுக்குச் சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து டீயில் சர்க்கரை கிடையாது. கல்யாண வீட்டில்கூட தனியாகச் சொல்லித்தான் வாங்கிக் குடிப்பார். அந்தச் சப்பென்ற டீக்குத் துணையாக நாலு கேழ்வரகு பிஸ்கட். "இது ராகிடா, ஒண்ணும் பண்ணாது."

போன வாரம் ஊருக்குப் போனபோது அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் கொட்டை எழுத்துத் தமிழில் 'கேழ்வரகு', பக்கத்தில் கதிர் படம். பின்னால் முழுக்க ஆங்கிலம். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினால்தான் எழுத்தே தெரிகிறது. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். கேழ்வரகு நாலாவது, 12 சதவீதம். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அப்படியென்றால் இத்தனை நாள் அம்மா சாப்பிட்டது மைதா பிஸ்கட்.

100 கிராமுக்குச் சர்க்கரை 25 கிராம் என்று போட்டிருந்தது. நாலு பிஸ்கட் 40 கிராம் வருகிறது, சர்க்கரை 10 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் பிடிக்கும். டப்பாவை எடுத்து இரண்டரை ஸ்பூன் தட்டில் கொட்டிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "டீக்கே ஒரு ஸ்பூன்தானேடா போட்டுட்டிருந்தேன்" என்றார்.

அப்பா விடவில்லை. "பச்சைப் புள்ளி இருக்கே?" அது சைவம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். சர்க்கரைப் பாகுக்கும் பச்சைப் புள்ளிதான்.

'நம்மாளுங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு வருஷமாக டீயில் சர்க்கரையைத் தொடாதவருக்கா விழிப்புணர்வு இல்லை? விற்க மட்டும் தமிழ் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆங்கிலமோ இந்தியோ போதும் என்கிறது விதி. சிலி நாட்டில் 2016இலிருந்து சர்க்கரையோ உப்போ கொழுப்போ எல்லை மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எண்கோண வடிவத்தில் கறுப்பு முத்திரை போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இங்கேயும் அதுதான் வேண்டும். நட்சத்திரம் கொடுத்து மதிப்பிடலாம் என்று இங்கே பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சினிமாவுக்குக் கொடுக்கிற மாதிரி மூணு நட்சத்திரம் போட்டால், 'பரவாயில்லை' என்று இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்குவோம்.

நாட்டுச்சர்க்கரை ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: அதுவும் சர்க்கரைதான். நிறம் மாறினால் ரத்தத்துக்கு அடையாளம் தெரியாமல் போகாது. அசல் ராகிக் களியே ஆனாலும் சுகர்காரருக்கு அளவு உண்டு.

நேற்று சாயங்காலம் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஏதோ ஓட்ஸ் மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கம், கை ஆடி மங்கலாக. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "முதல்ல என்னடா போட்டிருக்கான்? சீக்கிரம் சொல்லு, அண்ணாச்சி பில்லு போடக் காத்துட்டிருக்கார்."