கலர் தாளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நம் தமிழ் அமைப்பின் ஏப்ரல் நிகழ்ச்சிக்குத் திட்டம் போடச் சனிக்கிழமை கூடினார்களே, அங்கே எடுத்த படத்தைப் பற்றித்தான். எந்தப் படம் என்று கேட்காதீர்கள், சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து தெம்பனிஸ் வரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி முடித்துவிட்டது. சமூக மன்ற அறை, சுவர் முழுக்கப் பழுப்புத் தாள், அதன்மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒட்டுத்தாள்கள், எதிரே கையைக் கட்டிக்கொண்டு நம் ஆட்கள். “நர்சரி வகுப்புக்கு அட்மிஷன் ஆரம்பமா?” என்று ஒருவர் கேட்க, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நல்லா சிரிங்க. சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்: ஏப்ரல் நிகழ்ச்சிக்கு மதியச் சாப்பாடு எத்தனை பேருக்கு?

தெரியாதுதானே. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். வரவேற்புக் குழு ஒட்டிய தாளில் 300. உணவுக் குழு ஒட்டியதில் 150, அதுவும் சைவம் மட்டும். முந்தைய கூட்டங்களின் குறிப்பில் என்ன இருக்கிறது தெரியுமா? “உணவு ஏற்பாடு செய்யப்படும்.” எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். “அரங்கம் உறுதி” என்றும் இரண்டு தாள் வந்தது. ஒருவர் கணக்கில் உறுதி என்றால் விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. இன்னொருவர் கணக்கில் முன்பணம் கட்டி ரசீது வாங்கியாகிவிட்டது. ரசீது யார் கையிலும் இல்லை.

நம் கூட்டங்களில் சண்டை போட்டுக் கெட்ட திட்டம் குறைவு. தலையாட்டியே கெட்டதுதான் அதிகம். ஆளுக்கொரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறோம் என்று நம்பிக் கலைந்து போகிறோம். மனதில் இருப்பதைச் சுவரில் வைத்தால் 300ம் 150ம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல்லிளிக்கும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சும்மா ஒட்டினால் இது நடக்காது. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுத வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு விஷயம். “விளம்பரம்” என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. “போஸ்டரை அச்சுக்குக் கொடுக்கணும்” என்று எழுதினால்தான் யார், எப்போது என்று கேட்க முடியும். பால்பாயிண்ட் பேனா ஆகாது, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. மார்க்கர் வேண்டும். ஆனால் ரொம்பத் தடித்த மார்க்கர் தமிழுக்கு உதவாது. 76 மில்லிமீட்டர் சதுரத் தாளில் ணகரமும் ஞகரமும் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். நடுத்தர முனை எடுத்துக்கொண்டு, 76க்கு 127 நீளத்தாள் வாங்கி, நாலைந்து சொல்லோடு நிறுத்துங்கள். கட்டிலிருந்து உரிக்கும்போது கீழிருந்து மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் வளைந்துகொண்டு, ஏர்கான் காற்றில் ஒவ்வொன்றாய் உதிரும். பாதி நேரம் பொறுக்குவதிலேயே போகும். சுவரில் நேராக ஒட்டுவதும் வேண்டாம். பழுப்புத் தாளை மாஸ்கிங் டேப்பால் மாட்டி அதன்மேல் ஒட்டினால், அறையைக் காலி செய்யச் சொல்லும்போது அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் சிரித்த பழுப்புத் தாள் அங்கே இருந்தது அதற்காக.

அப்புறம் ஒரே மாதிரித் தாள்களைப் பேசாமலேயே நகர்த்தி ஒன்று சேர்ப்பது. இது கிண்டர்கார்டன் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு: ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா 1960களில் தன் களக்குறிப்புகளைச் சீட்டுச் சீட்டாக எழுதித் தொகுத்த முறை இது. டொயோட்டா கார் ஆலையில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ உற்பத்தியை ஓட்டியதும் அட்டையை வைத்துத்தான். அவரிடம் போய் நர்சரி அட்மிஷன் கேட்டிருக்கலாம்.

அதே கூட்டத்தில் சீட்டு விளையாடியதையும் கிண்டல் செய்யாமல் விடவில்லை நீங்கள். அதன் பெயர் பிளானிங் போக்கர். ஜேம்ஸ் கிரெனிங் 2002ல் மென்பொருள் குழுக்களுக்காக எழுதியது. சாங்கி பிசினஸ் பார்க்கில் மென்பொருள் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஆளுக்கு ஒரு சீட்டு வைத்துக் கணிக்க வேண்டும். சீட்டுகளில் 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100. எண் ஏற ஏற இடைவெளியும் ஏறும். பெரிய வேலையைத் துல்லியமாகக் கணிக்க முடியாது, 21ஆ 22ஆ என்று மல்லுக்கட்டாதே என்று சொல்லத்தான் அப்படி. எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. முதலில் ஒருவர் வாய்விட்டு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மனம் அதைச் சுற்றியே நிற்கும், அவர் தலைவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருப்பிய பிறகு ஆகக் குறைந்த எண்ணும் ஆக அதிக எண்ணும் வைத்த இருவர் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். மறுபடி சீட்டு. மூன்றாம் சுற்றிலும் ஒத்துவரவில்லை என்றால் வேலையை இரண்டாக உடையுங்கள். சராசரி போடாதீர்கள், சராசரி போட்டால் கருத்து வேறுபாடு மறுபடி ஒளிந்துகொள்ளும்.

அன்றைக்கு அழைப்பிதழ் வேலைக்கு மூத்தவர் ஒருவர் வைத்தது 2. பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி வைத்தது 13.

“ஏம்மா, ஒரு நாள் வேலைக்கு 13ஆ?”

“டிசைன் பண்ண ஒரு நாள்தான் ஐயா. ஆதரவாளர் ஒவ்வொருத்தரும் அவங்க லோகோவைப் பார்த்து ஓகே சொல்லணும். ஒருத்தர் மாத்தச் சொன்னா எல்லாருக்கும் திரும்ப அனுப்பணும்.”

ஐயா அடுத்த சுற்றில் 8 வைத்தார். வழக்கமான கூட்டத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்குமா? “சரிங்க ஐயா” என்று உட்கார்ந்திருக்கும். மார்ச் கடைசியில் அழைப்பிதழ் வராமல் நாம் ஆளாளுக்குக் கத்தியிருப்போம்.

“எக்செல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” வரும், இந்தக் கேள்வி எப்படியும் வரும். எக்செல் வேண்டும். சுவரில் முடிவானதை அன்று இரவே எக்செலில் ஏற்றியாக வேண்டும். ஆனால் ஒரு திரை, ஒரு மௌஸ் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் மௌஸ் யார் கையிலோ அவர் சொல்வதுதான் வரிசை. மற்ற பதினொரு பேர் போனைப் பார்ப்பார்கள். மிரோ மாதிரி இணையப் பலகை பரவாயில்லை, மற்றவர்களின் சுட்டியை, அதாவது திரையில் ஓடும் அம்புக்குறியை, மறைத்துவைத்தால். எல்லோருடைய சுட்டியும் ஈசல் மாதிரி பறந்தால் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

“12 பேர், 3 மணி நேரம், மொத்தம் 36 மணி நேரம் வீண்.” பெருக்கல் சரி. சாப்பாடு கிடைக்காமல் நிற்கப்போகும் 150 பேரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

ஒரு விஷயத்தில் கிண்டல்காரர்களோடு நானும் சேர்ந்து சிரிப்பேன். அலுவலகங்களில் டீம் பில்டிங் என்று காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறார்களே, 20 ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம், கோபுரம் கட்டு என்று. கட்டுகிறார்கள், சரிகிறது, செல்ஃபி, கேட்டரிங் பீகூன் நூடுல்ஸ். மார்ஷ்மெல்லோவைக் கடைசி நிமிடத்தில் வைத்ததால்தான் சரிந்தது, முதலிலேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் விஷயமே. விளையாடி முடித்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து “நம் திட்டத்தில் நாம் சோதிக்காமல் வைத்திருக்கும் மார்ஷ்மெல்லோ எது?” என்று கேட்காவிட்டால் அது தண்டம். அதைப் பார்த்துவிட்டு இதையும் தண்டம் என்கிறீர்கள், அதுதான் எரிச்சல்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் செய்து பாருங்கள். பத்துக்காசு நாணயம் 20. நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். முதல் ஆள் இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும், அவரும் அப்படியே. ஒரு நாணயத்துக்கு ஒரு விநாடி என்றால் கடைசி ஆள் முடிக்க 80 விநாடி. ஐந்து ஐந்தாகத் தள்ளினால் 35. ஒவ்வொன்றாகத் தள்ளினால் 23. யாரும் வேகமாகக் கை ஆட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் குறைந்தது. நம் குழுக்கள் எல்லா வேலையையும் முடித்து மொத்தமாகச் செயலவைக்கு அனுப்புவோம் என்று உட்கார்ந்திருக்கும் கதை இதுதான். சொற்பொழிவில் சொன்னால் ஏறாது. ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நாணயத்துக்குக் காத்திருந்த ஆளுக்கு ஏறும்.

சுவரில் “காத்திருக்கிறது” என்று ஒரு பத்தி, மேலிருந்து கீழாக ஒரு வரிசை, தனியாக இருந்ததைப் படத்தில் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். “நடக்கிறது” என்ற பத்திக்குள் காத்திருப்பதையும் போட்டு மூடிவிடுவதுதான் நம் வழக்கம். பிரித்து வைத்தால் யாருடைய பதிலுக்காக எத்தனை வேலை தொங்குகிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரியும். ஜான் லிட்டில் 1961ல் நிறுவிய கணக்கு ஒன்று உண்டு: 12 வேலை கையில் இருந்து வாரம் 3 முடிந்தால், ஒரு வேலைக்குச் சராசரி 4 வாரம். சீக்கிரம் முடிய வேண்டுமா, கையில் எடுப்பதைக் குறையுங்கள். “எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்” என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இது பிடிக்காதுதான். அந்தப் பத்தியில் யாருக்காக ஆக அதிகத் தாள் தொங்கியதோ, அவருக்கு நெருக்கமான இடத்திலிருந்துதான் முதல் கிண்டலும் வந்தது. தற்செயலாக இருக்கும்.

“முடிவெல்லாம் மேலேயே எடுத்தாகிவிட்டது, கீழே எதற்கு விளையாட்டு?” இது நியாயமான கேள்வி. முடிவான விஷயத்துக்கு ஒட்டுப்புள்ளி கொடுத்து வாக்கு கேட்பது ஏமாற்று. முடிவானது என்று சுவரின் ஓரத்தில் எழுதிவிட்டு, எப்படிச் செய்வது என்பதை மட்டும் திறந்துவிட வேண்டும். சனிக்கிழமை அப்படித்தான் நடந்தது, தேதியும் கருப்பொருளும் ஓரத்தில் எழுதியே இருந்தன. அதையும் பார்க்கவில்லை.

“பெரியவர்கள் கூட்டத்தைச் சின்னப்பிள்ளை நடத்துவதா” என்று எழுதியவருக்கு என்ன சொல்ல. இளையர்கள் வருவதில்லை, தமிழ் அமைப்புகளுக்கு அடுத்த தலைமுறை இல்லை என்று ஒவ்வோர் ஆண்டுக்கூட்டத்திலும் மைக்கைப் பிடித்துப் புலம்புவது நாம். வார இறுதியில் தொண்டூழியம் செய்ய வந்த பிள்ளை, தன் காசில் தாள் வாங்கி, மூன்று மணி நேரம் நின்றபடியே இந்தக் கூட்டத்தை நடத்தியது. அதைப் படம் பிடித்துச் சுற்றவிட்டதும் நாம். குழுவில் அந்தப் பிள்ளையும் இருக்கிறது, அத்தனை சிரிப்புக் குறியையும் பார்த்தது. ஒருவரும் “சாரிம்மா” என்று ஒரு வரி போடவில்லை. மரியாதை பற்றி எனக்கு வகுப்பெடுக்க வருகிறார்கள்.

அடுத்த அமர்வில் ப்ரீமார்ட்டம். உளவியலாளர் கேரி கிளைன் 2007ல் எழுதிப் பரவலாக்கியது. நிகழ்ச்சி முடிந்து படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கு மூன்று காரணம், பேசாமல் எழுத வேண்டும். “நல்ல காரியத்துக்கு முன்னால் அபசகுனமாய்ப் பேசுவதா” என்று ஒரு குரல்பதிவு அதற்குள் வந்துவிட்டது. சரி, வாயால் பேச வேண்டாம், எழுதத்தானே சொல்கிறோம். ஒலிபெருக்கி வாடகைக்கு இன்னும் யார் பெயரும் விழவில்லை. சிரித்தவர்களில் யாராவது எழுதிக்கொள்கிறீர்களா?