ஒன்றுக்கு ஏழு என்ற கணக்கும் வாரம் ஒரு மணி நேரமும்

"குழந்தைப் பருவத்தில் ஒரு டாலர் போட்டால் ஏழு டாலராகத் திரும்பும்." வறுமை ஒழிப்பு பற்றிப் பேசும் மேடைகளில் இந்த வாசகத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மேடையில் இருப்பவர்களே பேச்சை மாற்றுவார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை பெர்ரி முன்பள்ளித் திட்டம் நடந்தது. மொத்தமே 123 பிள்ளைகள். 58 பேருக்கு முன்பள்ளி, மீதி 65 பேர் ஒப்பீட்டுக் குழு. தினமும் காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு, ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு பிள்ளைகள். அதோடு வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்காருவார். அந்தப் பிள்ளைகள் 27 வயதை எட்டியபோது போட்ட கணக்கில்தான் 7 சொச்சம் வந்தது. அதில் பெரும்பங்கு, குற்றங்கள் குறைந்ததால் மிச்சமான செலவு. பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனின் குழு பிற்பாடு கணக்கை இன்னும் கறாராகப் போட்டு, ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத வருவாய் என்றது. அதுவே அருமையான வருவாய்தான். ஆனால் ஒருவர் ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் மையத்துக்கு அதே எண்ணை எடுத்து ஒட்டுவது என்ன நியாயம்?

சிறுவயதில் செய்யும் செலவு வறுமையைக் குறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பலன் தந்த பாகத்தை வெட்டிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் நடத்துகிறோம் என்பதுதான் என் புகார்.

பலன் தந்த பாகம் எது என்பதைத் துல்லியமாகக் காட்டியது ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சேரும்போது வயது 9 முதல் 24 மாதம். சாலி கிராந்தம்-மெக்ரிகோர் தலைமையிலான குழு அவர்களை நான்காகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு உணவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவதுக்கு எதுவும் இல்லை. இரண்டே ஆண்டுகள்தான். இருபது ஆண்டு கழித்து, வீட்டுச் சந்திப்பு பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். வளர்ச்சி குன்றாத பிள்ளைகளின் வருமானத்தையே அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். வெறும் பால்மாவு பெற்ற பிரிவின் வருமானத்தில் அப்படி ஒரு நிலைத்த பலன் தெரியவில்லை.

"அப்படியானால் சோறு முக்கியமில்லையா?" என்று உடனே கேட்பார்கள். முக்கியம்தான், ஆனால் எந்த வயதில் என்பதில் இருக்கிறது விஷயம். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை இரண்டு கிராமங்களில் புரதக் கஞ்சியும், வேறு இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். 180 மி.லி. கோப்பைக் கஞ்சியில் 163 கலோரி, 11.5 கிராம் புரதம். பானத்தில் 59 கலோரி மட்டுமே. பிறந்து இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண்கள், பெரியவர்களானபோது மணிக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு கஞ்சி கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பெண்களின் கூலியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வசதியாக மறந்துவிடக் கூடாது. ஜமைக்காவில் ஏற்கெனவே குன்றிப்போன குழந்தைக்கு உணவு வந்தது. குவாத்தமாலாவில் குன்றும் முன்பே வந்தது. இரண்டு முடிவுகளையும் நான் இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறேன்.

உணவு என்றால் மூட்டை கொடுத்துவிட்டு வருவது அல்ல. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு, தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து நாளுக்குத் தோராயமாக 6-8 மாதத்தில் 200 கலோரி, 9-11 மாதத்தில் 300, 12-23 மாதத்தில் 550 வேண்டும். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. பிடிக்கும். 9 கிலோ குழந்தை ஒருவேளைக்கு 270 மி.லி. தண்ணீர்க் கஞ்சியில் மில்லி லிட்டருக்கு 0.4 கலோரி என்று வைத்தால், வயிறு முட்டக் குடித்தாலும் 108 கலோரி. நாலு வேளை கொடுத்தாலும் 432தான்; ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வேண்டிய 550ஐ எட்டாது. குழந்தை பசியென்று அழாது, ஆனால் வளராது. தாய் "நல்லா சாப்பிடுறான்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம் வேண்டும். எண்ணெய், மசித்த பருப்பு, முட்டை என்று ஏதாவது சேர வேண்டும். ஆறாம் மாதத்தோடு பிறவி இரும்புச்சத்தும் தீர ஆரம்பிக்கும் என்பதால் மாவுச்சத்தை மட்டும் கெட்டியாக்கியும் பயனில்லை.

சரி, அந்த வாரம் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? வந்தவர் முதலில் நலம் விசாரித்து, போன வாரம் காட்டியதைத் தாயைச் செய்யச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு புதிதாக ஒன்றைக் காட்டுகிறார்: மூடியை எடுத்து டப்பாவில் போடுவது, இரண்டு கட்டைகளை அடுக்குவது, படத்தில் இருப்பதைப் பெயர் சொல்லிக் காட்டுவது. உடனே அதைத் தாய் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார். தாய் செய்வதில் நன்றாக வந்ததைச் சொல்லிப் பாராட்டுகிறார். ஒரு பாட்டு. குளிப்பாட்டும்போதும் சமைக்கும்போதும் இதை எப்படித் தொடர்வது என்று ஒரு பேச்சு. விளையாட்டுச் சாமான் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டிலேயே இருக்கும், அடுத்த வாரம் மாறும். பிளாஸ்டிக் பாட்டில், துணிப் பொம்மை, மரத்துண்டு போதும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எந்தச் சாமானும் கூடாது, தொண்டையில் சிக்கும்.

கெட்டுப்போவதும் இங்கேதான். பணியாளரே குழந்தையோடு ஒரு மணி நேரம் அழகாக விளையாடுவார், தாய் அடுப்படியில் இருப்பார். பார்க்க நன்றாக இருக்கும், பலன் வாசலைத் தாண்டும்போதே முடிந்துவிடும். மீதி 167 மணி நேரம் குழந்தையோடு இருப்பது தாய்தானே. இல்லையென்றால் சாமான் அழுக்காகிவிடும், உடைந்தால் காசு கேட்பார்கள் என்ற பயத்தில் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும். உடைந்தால் பரவாயில்லை என்று முதல் நாளே சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மீறிய விளையாட்டைக் கொடுத்தால் "இவனுக்கு வராது" என்று தாயே முடிவு கட்டிவிடுவார். இதெல்லாம் போகட்டும், மிகப் பெரிய கேடு படிவம். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் தலை குனிந்து பதிவேடு நிரப்பினால் அது சந்திப்பே இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் அதே ஜமைக்கா ஆய்வாளர்கள் சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். மாதம் ஒருமுறை போனால் பலன் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் கொஞ்சம். வாராவாரம் போனால் கண்கூடான முன்னேற்றம். மாத்திரையின் அளவைப் போலத்தான் இதுவும். ஒரு பணியாளர் நாளுக்கு நாலு வீடு, வாரம் ஐந்து நாள் என்றால் 20 குழந்தைகள். அவருக்கு 60 குழந்தைகளை ஒதுக்கினால் மூன்று வாரத்துக்கு ஒரு சந்திப்பு. தடுப்பூசிக் கணக்கு, கணக்கெடுப்பு, கூட்டம் என்று மேலும் ஏற்றினால் மாதம் ஒன்று. செலவு பாதிக்கு மேல் இருக்கும், பலன் பூஜ்யம். பிறகு "முயன்று பார்த்தோம், வேலைக்கு ஆகவில்லை" என்று அறிக்கை வரும்.

வாராவாரம் போவதே முடிவான மருந்து என்றும் நான் சொல்லவில்லை. கொலம்பியாவில் இதையே பெரிய அளவில், உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு 18 மாதம் நடத்தியபோது குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கூடியது; இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த ஏற்றம் கரைந்திருந்தது. பின்னால் வரும் பள்ளியும் வீட்டு நிலைமையும் பிடித்து நிறுத்தவில்லையென்றால் ஆரம்ப ஏற்றம் தங்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

தாயின் மனநிலையைப் பற்றிப் பேசாமல் "தாய்க்குக் கற்றுக்கொடுங்கள்" என்பதும் அரைகுறைப் பேச்சு. பேறுகால மனச்சோர்வில் இருப்பவரால் குழந்தையின் குரலுக்குப் பதில் குரல் கொடுப்பதே கடினம். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே பேச்சுவழிச் சிகிச்சை பழக்கினார்கள். 2008இல் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது ஒப்பீட்டுக் குழுத் தாய்மாரில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம். இதற்கு மனநல மருத்துவர் வீட்டுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அளவீடு பற்றியும் ஒரு வார்த்தை. ஜமைக்காவில் விளையாட்டுச் சந்திப்பால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. உயரத்தை மட்டும் அளந்திருந்தால் அந்தத் திட்டத்தைத் தோல்வி என்று மூடியிருப்பார்கள். அந்த உயரத்தையாவது சரியாக அளக்கிறோமா? இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும். நிற்கவைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறையும். 24 மாத ஆண் குழந்தைக்குக் குன்றல் எல்லை படுத்த நிலையில் 81.7 செ.மீ., நின்ற நிலையில் 81.0 செ.மீ. நிற்கவைத்து அளந்ததைத் திருத்தாமல் படுத்த அளவுக்கான அட்டவணையில் தேடினால் குன்றாத பிள்ளையும் குன்றியவன் ஆகிவிடுவான்.

இனி ஏதாவது திட்ட அறிவிப்பு வந்தால், எத்தனை மையங்கள் திறக்கிறார்கள் என்பதை நான் பார்ப்பதில்லை. ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், வாரச் சந்திப்புக்குப் பயணப்படி உண்டா, உடைந்த சாமானை மாற்றக் காசு ஒதுக்கியிருக்கிறார்களா, மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறையாவது கூடவே வீட்டுக்குள் போய் உட்காருவாரா அல்லது அலுவலகத்தில் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுவாரா என்ற நாலு வரிகளைத் தேடுகிறேன். பெரும்பாலும் முதலில் வெட்டப்பட்டிருப்பது பயணப்படி.