எப்படிச் செத்தார் என்று கேட்கிற சட்டம் யார் செத்தார் என்று கேட்பதில்லை

ஆறு வருடமாக மனதில் கிடக்கிற விஷயம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள்.

2019 ஆகஸ்டில் நீலகிரியில் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழை ஓய்ந்த பிறகு, கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டிய எஸ்டேட்டில் கவாத்து ஆரம்பித்தார்கள். தேயிலைக் காட்டைக் கிட்டே இருந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாலைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் ஒரு காட்டைக் கவாத்து வெட்டுவார்கள், அதாவது செடிகளின் மேல்பகுதியைத் தறித்துவிடுவார்கள். அதுவரை செடிகள் ஒன்றோடு ஒன்று பின்னி, மேலே பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும். வாராவாரம் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக்கூட அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கத்தி விழுந்தால்தான் அந்த மண் வெயில் பார்க்கும்.

அன்று கான் ஓரமாக, அதாவது மழைத் தண்ணீர் வடியும் வாய்க்கால் ஓரமாக, முதலில் கிடைத்தது ஒரு ரப்பர் செருப்பு. அப்புறம் தாடை எலும்பு. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்றவை. காட்டுப்பன்றி புரட்டியது போக, மழைத் தண்ணீர் கானோடு இழுத்துப் போனது போக மிச்சம்.

நான் கீழே ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். கங்காணி மூச்சு வாங்க இறங்கி வந்தார். "அண்ணே, பன்னி எலும்புன்னு சொல்லி மூடிரலாமான்னு பசங்க கேக்கறாங்க. போலீஸ் வந்தா நாலு நாள் வேலை நின்னுரும்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு நாள் கூலி போனால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்ததே லைன் வீட்டில்தான். இருந்தாலும் "மூடக் கூடாதுங்க, தப்பு" என்று சொல்லி நானே போன் போட்டேன். அது தப்பு என்பது எனக்கு மனசாட்சியாகத் தெரிந்ததே தவிர, சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்பது பின்னால் படித்துத்தான் தெரிந்தது.

கிராமத்தில் வேலை பார்க்கும் அதிகாரிக்கு மட்டுமல்ல, கிராமத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடமை உண்டு. சந்தேகப்படும்படி ஒரு பிணமோ, பிணத்தின் ஒரு பகுதியோ கண்ணில் பட்டால் உடனே பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 34ஆம் பிரிவு. இது போக 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இருக்கிறது. பொது இடத்தில் கைவிடப்பட்ட பிணத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், கிராமம் என்றால் கிராம அதிகாரியும் மற்ற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பாளரும் அதைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பார்த்தும் பார்க்காத மாதிரி மண்ணைத் தள்ளிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை.

மத்தியானம் எஸ்.ஐ. வந்தார், ஒரு ஏட்டு வந்தார், விஏஓவும் தலையாரியும் வந்தார்கள். பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தார் வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்பான ஆட்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் என்பது சட்டம்; வழக்கத்தில் ஐந்து பேர். அந்த ஐந்தில் நானும் ஒருவன். மூடுபனி இறங்கி ஏட்டு எழுதுகிற காகிதம் நனைந்ததால் நான் குடை பிடித்துக்கொண்டு அவர் தோளுக்கு மேல் நின்றேன். அதனால் எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்த்தேன்.

வலது கீழ்க்கால் எலும்பு ஒன்றில் தகடு பொருத்தியிருந்தது. என் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். ஆறு திருகாணி, அதில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. எலும்பு மண் நிறத்துக்கு மாறிவிட்டது, தகடு மட்டும் புதுச் சில்லறை மாதிரி மின்னியது. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எண் பொறித்திருந்தது. ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் படித்துவிடலாம். யாரும் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை. "வலது கால் எலும்பில் இரும்புத் தகடு ஒன்று காணப்பட்டது" என்று எழுதி, அதற்குக் கீழே நாங்கள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த எண்ணின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகட்டில் கம்பெனி அடையாளமும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகளில் அந்த எண் உள்ள ஸ்டிக்கரை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டி வைக்கிற வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் கேட்டால் எந்த ஊர்ப் பக்கம் விற்ற தகடு என்றாவது தெரிந்திருக்கும். இந்தியா முழுக்கத் தேட வேண்டிய ஆளை ஒரு மாவட்டத்துக்குள் தேடியிருக்கலாம்.

அந்த ஏட்டு சோம்பேறி இல்லை. பனியில் நடுங்கிக்கொண்டே நாலு பக்கம் எழுதினார். அவருக்குச் சட்டம் கொடுத்த கேள்விக்கு அவர் பதில் எழுதினார், அவ்வளவுதான். அன்றைக்குப் பழைய சட்டத்தில் 174ஆம் பிரிவு, இன்றைக்குப் புதுச் சட்டத்தில் 194ஆம் பிரிவு. படித்துப் பாருங்கள். காயம் என்ன, முறிவு என்ன, எந்த ஆயுதத்தால் வந்திருக்கும், மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் என்ன, இதுதான் அறிக்கையில் வர வேண்டும். புதுச் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் "இவர் யார் என்று கண்டுபிடி, கண்டுபிடிக்கும்வரை தேடு" என்று ஒரு வரி அந்தப் பிரிவில் கிடையாது. பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லும் இடத்தில் "தட்பவெப்ப நிலையும் தூரமும் இடம் கொடுத்தால்" என்று வெள்ளைக்காரன் காலத்து வாசகம் இன்றும் அப்படியே இருக்கிறது. மலையில் வாழ்கிறவனுக்கு அதைப் படித்தால் நெஞ்சு என்னவோ செய்யும். புதைத்த பிணத்தைத் தோண்டி எடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரும் 196ஆம் பிரிவிலும் மரணத்தின் காரணத்தைக் கண்டறியத்தான் தோண்டலாம் என்கிறது. எல்லாம் காரணம், காரணம், காரணம்.

கொலை என்று தெரிந்தால் கதை வேறு. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமானால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. எலும்பாகக் கிடைத்த மனிதருக்கு அது பொருந்துமா? குற்றம் நடந்ததா இல்லையா என்பதே தெரியாதபோது எந்தப் பிரிவில் நிபுணரைக் கூப்பிடுவது? போட்டோ எடு, கைரேகை எடு, பேப்பரில் விளம்பரம் கொடு என்பதெல்லாம் காவல் துறையின் உள் விதிகளிலும் வழக்கத்திலும் இருக்கிறது. எலும்புக்கு ஏது கைரேகை?

கைரேகை மிஞ்சிய உடலுக்கும் வழி சுலபமில்லை. ஆதாரில் தேடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதற்கு அனுமதிப்பதில்லை. கைதானவர்களின் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் 75 வருடம் பத்திரமாக வைத்திருக்க 2022ல் சட்டம் போட்டோம். செத்தவர்களுக்கு? 2012ல் லோக்நீதி என்ற அமைப்பு, அடையாளம் தெரியாத உடல்களுக்கெல்லாம் டிஎன்ஏ எடுத்துக் காணாமல் போனவர்களோடு ஒப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் கொண்டுவரப் போகிறோம் என்று மத்திய அரசு சொன்னதை ஏற்று 2018ல் வழக்கை முடித்தார்கள். 2019ல் மசோதா வந்தது. காணாமல் போனவர்களுக்கு ஒரு பட்டியல், பெயர் தெரியாமல் இறந்தவர்களுக்கு ஒரு பட்டியல் என்று அதில் இருந்தது. 2023 ஜூலையில் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதில் குற்றவாளிகள், சந்தேகத்துக்குரியவர்கள் தகவலும் சேர்ந்திருந்ததால் அந்தரங்க உரிமை பற்றிப் பயந்தவர்கள் பலர். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அப்படியானால் இறந்தவர்களுக்கும், தேடுகிற குடும்பத்தார் தாங்களாக விரும்பிக் கொடுக்கும் மாதிரிக்கும் மட்டும் தனிச் சட்டம் போடலாமே. அதை யார் எதிர்க்கப் போகிறார்கள்?

2021 கடைசியில் ஒரு பையன் கடைக்கு வந்தான். ஜார்க்கண்ட். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இவங்க பாத்தீங்களா?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான். அவன் அண்ணன். டீ ஃபேக்டரி வேலைக்கென்று மலைக்கு வந்து பேச்சுமூச்சு இல்லை. எனக்குக் கை நடுங்கியது. "அவருக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருக்கா, தகடு வெச்சிருக்கா?" என்று என் காலைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அவன் அண்ணனுக்குக் கால் உடைந்ததே இல்லையாம். டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது கேட்டான்: "கால்ல தகடு வெச்ச அவரு வீட்ல யாராச்சும் தேடறாங்களா அண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் குன்னூர் பஸ் ஏறிப் போனான்.

இன்றைக்கு இந்த மலையில் பாதி வேலை அந்தப் பிள்ளைகள் கையில்தான் நடக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், விபத்தில் இறந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று, அன்று நடப்பில் இருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர்மேல் கடமை வைத்தது. எங்கள் கடைக்கு வருகிற பையன்களில் அப்படி ஒரு பாஸ்புக்கை யார் கையிலும் நான் பார்த்ததில்லை. என் அப்பா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைச் சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பஞ்சம் பிழைக்க வந்த கூட்டத்தில் தலைக்குத் தலை பேர் எழுதிய அரசாங்கம்தானே இது.

ஊரில் இருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். அதற்கும் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். அதுவரை அந்தப் பெண் சுமங்கலியா, விதவையா? விதவைப் பென்ஷன் இல்லை, பட்டா மாறாது. கண்ணியம் என்ற உரிமை இறந்த உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது. பேர் சொல்லி ஒரு பிடி மண் போட ஆளில்லாமல் என்ன கண்ணியம்?

முடியாத காரியமா இது? பக்கத்தில் வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போனபோது, உடல்களும் உடல் பாகங்களும் சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர்ப் பக்கம் ஒதுங்கின. அடையாளம் தெரியாதவற்றை டிஎன்ஏ மாதிரி எடுத்த பிறகுதான் புத்துமலையில் புதைத்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண் நட்டார்கள். பின்னால் முடிவு வந்தபோது, அந்த எண் இருந்த இடத்தில் உறவினர்கள் பேர் வைத்தார்கள். கிடைக்காமலே போனவர்களை இறந்தவர்களாகக் கொள்ள 2025 ஜனவரியில் கேரள அரசு தனி உத்தரவும் போட்டது, ஏழு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தில் செய்ய முடிந்ததை, தேயிலைக் காட்டில் தனியாகக் கிடந்த ஒருவருக்குச் செய்ய முடியாதா?

சென்னையில் 1849ல் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் வழிவந்த தடயவியல் துறை நமக்கு இருக்கிறது. மண்டையோட்டோடு போட்டோவைப் பொருத்திப் பார்த்து ஆளைச் சொல்வதில் பேர் வாங்கிய துறை. ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் பொருத்திப் பார்க்க ஒரு போட்டோ வேண்டும். அந்தப் போட்டோ ராஞ்சியிலோ ராயகடாவிலோ ஒரு காவல் நிலையத்துக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், 194ஆம் பிரிவில் "யார்" என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். பல்லோ தொடை எலும்போ ஒரு மாதிரி எடுத்து வைக்காமல் புதைக்கக் கூடாது. எரிக்கவே கூடாது. புதைத்த இடத்தில் வழக்கு எண்ணோடு ஒரு கல் நட வேண்டும். மற்ற மாநிலத்துக் காணாமல் போனோர் புகார்களோடு ஒப்பிட்டதாக எழுத்தில் இல்லாமல் கோப்பை மூடக் கூடாது.

போன வருடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பதில் வந்தது. எலும்புகளைக் கோவைக்கு அனுப்பி நிபுணர் கருத்து வாங்கியிருக்கிறார்கள். மரணத்துக்கான காரணம் தெரியவில்லை, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. புதைத்த இடம் பற்றிய பதிவேடு இல்லை. தகட்டின் எண் குறிக்கப்படவில்லை.

இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த நண்பர்கள் கீழே இருப்பதை மட்டுமாவது மொழிபெயர்த்துப் பகிருங்கள்.

ஆண். வயது 35க்கும் 45க்கும் இடையில். உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். வலது கீழ்க்காலில் ஆறு திருகாணியுடன் தகடு. முறிவு நன்றாகக் கூடியிருந்தது, அதனால் ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று முன்பே பிடுங்கப்பட்டது. நீல வார் ரப்பர் செருப்பு, எட்டாம் நம்பர். 2019 மழைக்கு முன் நீலகிரிக்கு வேலைக்கு வந்தவராக இருக்கலாம்.