காட்மியம் எலுமிச்சை நீரில் கரைந்து வெளியேறாது

உணவு வழியே சேரும் காட்மியம் என்ற நச்சு உலோகம், எலுமிச்சை நீரை நிறையக் குடித்தால் சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும் என்று பரவிவரும் செய்தி தவறானது. உடலில் சேர்ந்த காட்மியம் ஒரு புரதத்துடன் பிணைந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. அங்கே அது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஜப்பானின் தோயாமா பகுதியில், கமியோகா சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல்லாண்டு உண்டவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதடைந்து, எலும்புகள் மென்மையாகி, இருமினாலே முறியும் நிலை வந்தது. அவர்கள் வலியில் கதறிய ‘இத்தாய், இத்தாய்’ (‘வலிக்கிறது, வலிக்கிறது’) என்ற சொல்லே அந்நோய்க்குப் பெயரானது. காட்மியமே காரணம் என்று 1968இல் ஜப்பான் அரசு ஏற்றது. புகையிலைச் செடி காட்மியத்தை மண்ணிலிருந்து எளிதில் உறிஞ்சுவதால், புகைபிடிப்பதைக் கைவிடுவது உண்மையிலேயே பயன் தரும்.